காது அணைக்கும் நேரம்

மாலை ஐந்து மணியானதும் நறுமுகையின் காது கேட்கும் கருவியை அணைத்துவிட வேண்டும். அதிலிருந்து கிளம்பும் அலை, மலைமேல் இருக்கும் வானொலித் தொலைநோக்கிக்கு இடைஞ்சல். காலை எட்டு வரை குடியிருப்பில் எந்தக் கருவியும் இயங்கக் கூடாது. விடுமுறை நாளென்றால் முழுநாளும் தடை.

அவள் அப்பா இளம்பரிதி அதே தொலைநோக்கியில் மெக்கானிக். வீடு திரும்ப ஆறாகிவிடும். பள்ளியில் ஓயாமல் பேசும் ஆறு வயது மகள், வீட்டில் அவர் வாயசைவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது முறையாக நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்டுப் போனார்.

"ஒரு மணி நேரம் போதும் மேடம். நட்சத்திரத்துலேருந்து நாலாயிரம் வருஷமா வந்துட்டிருக்கிற சிக்னல், எம் பொண்ணு தூங்குற வரைக்கும் பொறுக்காதா?"

"உங்களுக்காக விதியை மாத்த முடியாது பரிதி," என்றார் அதிகாரி, கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் மகளின் கருவியை இயக்கினார்.

"ஏங்க, வேலை போயிடும்!" என்று மனைவி பதறினாள்.

"போகட்டும்." மகளிடம் குனிந்தார். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

அவள் திகைத்து அவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். "உன் குரல் கரகரன்னு இருக்குப்பா," என்று சிரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

பத்து நிமிடத்தில், கருவியின் அலையை மோப்பம் பிடித்த ரோந்து ஜீப் வாசலில் வந்து நின்றது.

"அப்பா, யாரோ கதவைத் தட்றாங்க!" என்றாள், தனக்குக் கேட்டுவிட்ட பெருமையில்.

"தட்டட்டும்மா. நீ சொல்லு."