வெள்ளை நாடாவுக்கு வெளியே

"சுவரும் இல்ல, படியும் இல்ல. எந்த இடத்துல செருப்பைக் கழட்டணும்னு ஜனங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

பாக் மனாஹன் மேசையில் பேனாவைத் தட்டினார்; இந்தோனேசியாவில் ஐயாவை நாங்கள் 'பாக்' என்போம். மற்ற இரண்டு தேர்வாளர்களும் சம்மதித்துவிட்டார்கள். இவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.



கட்டடக் கலைப் படிப்பின் கடைசி ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, பாண்டுங் நகரக் காய்கறிச் சந்தைக்கு நடுவில் ஒரு தொழுகைக்கூடம். வியாபாரிகள் தராசை விட்டு வந்து தொழுதுவிட்டுத் தராசுக்கே ஓட வேண்டும். அதனால் நாலு பக்கமும் திறந்துவிட்டேன். கூரையும் தூண்களும் மட்டும்தான்.

அதன் முழு அளவையும் தேர்வுக் கூடத்துத் தரையில் வெள்ளை நாடாவால் ஒட்டிக் காட்டியிருந்தேன். மக்காவைப் பார்த்து ஒட்டியதில் அறைக்குக் கோணலாகக் கிடந்தது.

மழைச்சாரல், கை கால் கழுவும் குழாய், மீன் வாடை என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். செருப்பை மட்டும் யோசிக்கவில்லை. நடக்கப் பழகிய நாள் முதல் பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றுகிறவளுக்கு, அதற்கொரு கோடு வரைய வேண்டுமென்று எப்படித் தோன்றும்?

போன முறையும் இதே மனிதர்தான் திருப்பி அனுப்பினார். இன்றும் போனால் படிப்பே போச்சு. வெளியே தோழிகள் பூங்கொத்தோடும், என் பெயர் எழுதிய, தோளில் குறுக்கே போடும் பட்டையோடும் நிற்கிறார்கள். நான் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் அம்மா வெற்றி விருந்துக்கு மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறாள்.

"ஒரு பலகை எழுதி வெச்சிடலாம் பாக்..."

"பலகையை எவன் படிக்கிறான்? 'துப்பாதே'ன்னு எழுதின பலகை மேலதான் துப்புறான்!"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாடாவில் குறித்த தூண்களுக்கு இடையே இடம் போதுமா என்று பார்க்க அவரே எழுந்து போயிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நாடாக் கட்டத்தின் நடுவில் நின்று, இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடாவுக்கு வெளியே அவருடைய கறுப்பு ஷூக்கள் ஜோடியாக இருந்தன.

 கையை நீட்டி அவற்றைக் காட்டினேன். அவர் ஷூவைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அட, போச்சுடா!" என்று சிரித்துவிட்டார்.

அப்படியே வெறும் காலுறையோடு மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அப்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது, கூடவே அடக்கி வைத்திருந்த அழுகையும் வந்தது.

"அழுகையெல்லாம் அப்புறம். ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாம்மா. பாட்டு முடியிறவரைக்கும் பாதிப் பேரு வெளியவே நின்னு அரட்டை அடிக்கிறான். எங்களுக்கும் இப்படி ஒரு வாசல் போட்டுக் குடு."