தூசியில்லாத ஊர்

வானத்தில் ஒரே இடத்தில் நின்றபடி அந்தச் செயற்கைக்கோள் அரைமணிக்கொரு தடவை ஊரைப் படமெடுக்கிறது. மாதத்திலேயே தெளிவான நாளின் படத்தை வெறும் தரை என்று வைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் அதற்கு மேல் மங்கலாகத் தெரிவதெல்லாம் தூசி. நாலு பக்கமும் கல்குவாரி இருக்கும் அந்த ஊரில் தூசியே இல்லை என்று அது விடாமல் சொன்னதில், சுத்தமான காற்றுக்கான விருதும் தயாராகிவிட்டது. அங்கே தெளிவான நாள் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம் கணக்குப் போட்ட விஞ்ஞானி பத்மாசினிக்கு மட்டும். நேரில் பார்க்க பஸ் ஏறினாள்.

இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்து, "இங்க தூசி எப்படிங்க?" என்று கேட்டாள்.

"தூசியா? எங்க ஊர்லயா?" என்றார் கடைக்காரர் இருளப்பன். இமையெல்லாம் வெளுத்திருந்தது. இருமி முடித்துவிட்டு, "அதெல்லாம் டவுன்லதாங்க," என்றார்.

அவள் மேசைமேல் விரலை இழுத்தாள். பளிச்சென்று ஒரு நீலக்கோடு விழுந்தது.

இருளப்பன் பதறிப்போனார். "என்னம்மா நீங்க, நல்லா இருந்த மேசையில நீலத்தைப் பூசிட்டீங்களே."

துணியால் தேய்த்துப் பார்த்தார். கோடு அகலமானதுதான் மிச்சம். அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு லாரிகள் கடந்துபோயின. நீலத்தைக் காணோம்.

"நல்லவேளை, போயிருச்சு," என்று அவர் மூச்சுவிட்டார்.

பத்மாசினி குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். காலையில் என்ன நிறத்தில் கட்டிக்கொண்டு வந்தோம் என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை.