மூன்றாம் மாடி முட்டை

"அடைகாக்கிற கோழிக்கு அவசரம் கிடையாதுடா, பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான்..." என்று தீவனக்கடைக்காரரின் பெரியப்பா ஏதோ சொல்வார். கடைக்காரருக்குப் பின்பாதி மறந்துவிட்டது. நினைவிருந்த முன்பாதியைத்தான் அன்று காலையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதீங்க சார். குஞ்சு தானா வெளியே வரும்."

"ஓட்டுல மூக்கால ஒரு ஓட்டை போட்டுச்சு. அதோட சரி. லேசா உடைச்சு விடட்டுமா?"

"கை வைக்காதீங்க. உள்சவ்வுல இன்னும் ரத்தம் ஓடிக்கிட்டிருக்கும். கிழிச்சா செத்துடும்."

"அப்படியா... ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போறீங்களா?"

கடைக்காரர் போனை வைத்தார். தராசருகே நின்றிருந்த மனைவி சிரித்தாள்.

"யாரு, மூணாவது மாடிப் பெரியவரா? எங்கப்பாகூட உங்களை இத்தனை தடவை கூப்பிட்டதில்லை."

"முட்டையும் இன்குபேட்டரும் வாங்கினாரு. கூடவே என்னையும் வாங்கிட்டதா நெனப்பு. ஒண்ணையே எத்தனை தடவை சொல்றது?"

"பார்த்தா படிச்சவர் மாதிரிதான் இருக்காரு."

"படிப்பு வேற, வெவரம் வேற" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் படியேறினார். அதே கட்டடம்தான். லிஃப்ட் கிடையாது.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

சாப்பாட்டு மேஜையின் நடுவில் இன்குபேட்டர். ஏற்கெனவே பொரிந்த குஞ்சுகள் அட்டைப்பெட்டிக்குள், பல்பு வெளிச்சத்தில் கத்திக்கொண்டிருந்தன. ஒரு நாற்காலியைத் தவிர மற்றவற்றில் பழைய செய்தித்தாள்கள். அந்த ஒன்றையும் அவருக்குத் தள்ளிவிட்டுப் பெரியவர் நின்றுகொண்டார்.

கடைக்காரர் மூடியைத் திறந்து, மிச்சமிருந்த அந்த ஒரு முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மூடியை அடிக்கடி திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது உங்களுக்குச் சொன்னது சார். எனக்குப் பழக்கம்."

பெரியவர் தலையாட்டினார். "டீ போடறேன். உக்காருங்க."

"கடையில வீட்டுக்காரி தனியா இருக்கா."

"அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷ டீ நிதானமாகத்தான் வந்தது. மகள் வெளிநாட்டில் இருப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதும், சில ஞாயிறுகளில் அவளுக்கு வேலை இருப்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது.

மத்தியானம் மறுபடி போன். மறுபடி படி. மறுபடி மூடியைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அடுத்த அழைப்பு வந்தது.

"சத்தம் கொறஞ்ச மாதிரி இருக்கு."

"போயிட்டு வாங்க. உடம்பாவது எளைக்கட்டும்" என்றாள் மனைவி.

இன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டே கடைக்காரர் ஏறினார். வாசலில் நின்றபடியே சொல்லியும்விட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் பொழப்பைப் பார்க்க வேண்டாமா? சும்மா சும்மா கூப்பிட்டா இனிமே வர மாட்டேன்."

பெரியவர் இன்குபேட்டரின் கண்ணாடி வழியாக முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி உள்சவ்வு வெள்ளைக் காகிதம்போலக் காய்ந்து, மூக்கோடு ஒட்டியிருந்தது. குஞ்சின் சத்தம் காதை வைத்தால்தான் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் பொறுப்போம்" என்றார் கடைக்காரர். குரலில் பழைய உறுதி இல்லை.

"இதுக்கு மேல பொறுத்தா இது வராது."

அன்று முட்டையைப் பற்றிப் பெரியவர் உறுதியாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

வெந்நீர், பஞ்சு, டார்ச். பெரியவர் முட்டையை உள்ளங்கையில் ஏந்தி, சவ்வை நனைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ரத்தம் உள்ளே போயிடுச்சு. இப்போ தொடலாம்."

விரல் நகத்தால் முட்டையின் ஓட்டை இம்மி இம்மியாக விலக்கினார். சிவப்பாக ஏதோ தெரிந்த இடத்தில் கையை நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி நனைத்தார். தலை விடுபட்டதும் கையை எடுத்துவிட்டு, முட்டையை ஈரத்துணியில் வைத்து உள்ளே தள்ளி மூடினார்.

"மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்."

நனைந்த தலை ஒன்று ஓட்டுக்கு வெளியே கிடந்தபடி மூச்சு வாங்கியது. பிறகு சத்தமாகக் கத்தியது.

கடைக்காரர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் என்ன வேலை பார்த்தீங்க?"

"கால்நடை டாக்டர். ரிட்டயர் ஆகற வரைக்கும் குஞ்சு பொரிப்பகத்துல."

"அப்போ நான் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்தப்போ..."

"உள்ளே இருக்கற ஈரம் போயிடும். சவ்வு காஞ்சு குஞ்சைப் பிடிச்சுக்கும்."

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லலை?"

பெரியவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சவன் கூப்பிட்டா நீங்க எதுக்கு மாடி ஏறப் போறீங்க?"

அட்டைப்பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின.

"இது செத்திருந்தா அது என் பாவம். உங்க மேல தப்பில்லை" என்றார் பெரியவர். "போய்க் கடையைப் பாருங்க தம்பி. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

மறுநாள் காலை போன் வரவில்லை. மனைவியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைக்காரர் மாடி ஏறினார்.