முதல் பக்கத்தில் ஒரு மாற்றம்

பிற்பகல் வெயில் சன்னல் வழியாக விழுந்து கணினித் திரையைப் பாதி மறைக்கிறது. பக்கம் வடிவமைப்பவள் கையைக் குடையாக்கிப் பார்க்கிறாள். முதல் பக்கத்தில் இருப்பது, ரசாயன ஆலைக் கழிவு குடிநீரில் கலந்ததில் நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் செய்தி. போன மாதம் இந்தப் பத்திரிகையை வாங்கியவருடைய ஆலைதான். அவருடைய மைத்துனர் இன்று காலை மந்திரியாகிவிட்டார். ஆசிரியர் பின்னால் வந்து நிற்கிறார். ஒற்றுப்பிழைக்கே கூரை அதிரக் கத்துகிறவருக்கு இன்று குரல் எழும்பவில்லை. "அதை எடுத்துடும்மா. மந்திரிக்கு வாழ்த்து விளம்பரம் வந்திருக்கு, அதைப் போடு." "அந்த நாப்பது பேர்ல எங்க அக்காவும் ஒருத்தி சார்." "தெரியும்மா." அவள் நாற்காலியின் முதுகை அவர் இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவருக்காகவே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறாள். செய்தி போய், பல் தெரியச் சிரிக்கும் முகம் ஒன்று பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. ஆசிரியர் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "கடைசிப் பக்கத்தையும் திற. அடியில ஆசிரியர்னு என் பேர் இருக்கில்ல, அதையும் எடுத்துடு." அவள் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்கிறாள். "அங்க யார் பேரைப் போடறது சார்?" "அதுக்கென்னம்மா, வரிசையில நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரிக்கிறார்.