தோளில் ஒரு கீறல்

பட்டாளத்திலிருந்து வீரப் பதக்கத்தோடு ஊர் வந்த மகன் எக்கலை, அப்பா லொப்பெயோக் முள்வேலி வாசலிலேயே மறித்தார்.

"சட்டையைக் கழட்டுடா."

கழற்றினான். எதிரியைக் கொன்ற துர்க்கானா இன ஆண் வலத்தோளில் போட்டுக்கொள்ளும் கீறல் ஒன்றுகூட அங்கே இல்லை.

"ஒருத்தனையும் கொல்லாம எதுக்குடா பதக்கம்?"

"குண்டு மழைக்கு நடுவுல, அடிபட்ட சிப்பாயைத் தூக்கிட்டு வந்தேன்ப்பா."

"கழுதையும்தான் சுமக்குது! உங்கண்ணன் லோமோருவைக் கொன்ன போக்கோட்டு இனத்துப் பய இன்னும் உசிரோட திரியறான். அவனை முடிக்காம உள்ளே கால் வைக்காதே."

"நான் தூக்கினது அவனைத்தான். நம்மள மாதிரியே அவனும் போட்டிருந்த தோள் கீறலைக் காட்டி, லோமோருவைக் கொன்னதுக்குப் போட்டதுன்னு பட்டாள முகாம்ல அவனே பெருமையடிச்சான்."

லொப்பெயோக்கின் கை ஈட்டியைத் தேடியது.

"எப்போ சொன்னான்? நீ காப்பாத்தினப்புறமா?"

"இல்லப்பா. அந்தச் சண்டைக்கு முந்தின வாரம்."