தக்காளிச் சண்டை

"ஆசை ஆசையா வளர்த்த செடியில காய்ச்சது ஒரே ஒரு தக்காளி. அதையும் நீங்களே முழுங்கிட்டீங்க! நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"தாராளமா போ" என்றான் கணவன்.

விறுவிறுவென்று உடுப்பை மாட்டியவள், வேறு வழியில்லாமல் அவனுக்கு முதுகைக் காட்டினாள். "எனக்கு எட்டல. கொக்கியை மாட்டி விடுங்க."

நிதானமாக மாட்டினான். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான்.

"தக்காளியைப் பார்த்தப்போ இந்த அக்கறை எங்க போச்சு?"

"பசி கண்ணை மறைச்சிடுச்சு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்து அவள் முதுகில் பொருத்தினான். ஜன்னலுக்கு வெளியே, காற்றே இல்லாத நிலவின் தரை சாம்பல் பூத்துக் கிடந்தது.

"எதுக்கு முழுசா நிரப்பியிருக்கீங்க? அக்கா வீட்டுக்குப் போறதுக்குப் பாதி போதுமே?"

தலைக்கவசத்தை நீட்டியபடி கேட்டான்: "திரும்பி வர வேணாமா?"