முப்பத்தொண்ணு டாக்டர்

"அண்ணி, அண்ணனோட ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு இங்கே என்ன பட்டப்பேர் தெரியுமா?"

டீ வாங்கப் போன நாத்தனார், டீயோடு சேதியும் வாங்கி வந்திருந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் கால் மணி நேரத்தில் அங்குள்ள கதையையெல்லாம் கறந்துவிடுகிற ஆள்.

"முப்பத்தொண்ணு. கேன்டீன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முப்பத்தோரு பேருக்கு வயித்துக் கேன்சர் பரவியிருந்ததை ஸ்கேன்ல கவனிக்காம, 'பரவலை'ன்னு எழுதிக் கொடுத்தவராம்."

கேட்டவளுக்குப் பகீரென்றது. சட்டைக் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங் வேலை பார்க்கிறவள் அவள். பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தாலே பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இங்கே முப்பத்தோரு உயிர்.

அதுவும் அந்த மனுஷர்தான் ஆபரேஷனை நிறுத்தியவர்.

கணவரின் வயிற்றில் இருக்கும் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்கேன் டாக்டர் வந்து, "என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா புதுசா வந்திருக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம், வெளியே பரவியிருக்கலாம்னு சொல்லுது. அவசரப்பட வேண்டாம்" என்றார். நேற்று வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். முடிவுக்காகத்தான் இப்போது டாக்டரம்மாவின் அறை வாசலில் காத்திருக்கிறார்கள்.

"விடு" என்றார் கணவர். லாரி மெக்கானிக். "நான் கழட்டி மாட்டின என்ஜின்ல எத்தனை தடவை ரெண்டு நட்டு மிஞ்சியிருக்கு. வண்டி ஓடலையா?"

"நீங்க லாரி இல்லை. சும்மா இருங்க."

உள்ளே கூப்பிட்டார்கள். அவரை நாத்தனாரோடு விட்டுவிட்டு அவள் மட்டும் போனாள். ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா ஃபைலைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"டாக்டர், முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க வீட்டுக்காரர் படத்தை இனிமே வேற டாக்டர் பார்க்கட்டும்."

"ஏம்மா?"

"இருக்கிறதையே முப்பத்தோரு பேருக்குக் கோட்டை விட்டவர், இப்போ கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லி ஆபரேஷனை நிறுத்தியிருக்கார். கேன்டீன்ல எல்லாரும் இதைத்தான் பேசிக்கிறாங்க. அவர் வேண்டாம்."

டாக்டரம்மா கோபப்படவில்லை.

"மாத்திடலாம். அதுக்கு முன்னாடி கேமராவுல என்ன தெரிஞ்சதுன்னு சொல்லிடறேன். உட்காருங்க."

உட்கார்ந்தாள்.

"குடலைச் சுத்தி ஒரு ஜவ்வு இருக்கு. அதுல ஒரு ஓரத்துல மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு மூணு புள்ளி. பரவ ஆரம்பிச்சிருக்கு."

அவள் எழுந்திருக்கப் போனாள்.

"மிச்சத்தையும் கேளுங்க. இவ்வளவு சின்னது ஸ்கேன்ல எந்த டாக்டர் கண்ணுக்கும் தெரியாது. தெரியாமலே திங்கட்கிழமை வயித்தைத் திறந்திருந்தா, பார்த்துட்டு அப்படியே தைச்சு அனுப்பியிருப்பேன். புண்ணு ஆறுற வரைக்கும் மருந்தும் கொடுக்க முடியாது. இப்போ அந்தக் கஷ்டம் இல்லை. நாளைக்கே மருந்தை ஆரம்பிக்கலாம். நாலு மாசம் கழிச்சு மறுபடி கேமரா. புள்ளி மறைஞ்சிருந்தா கட்டியை எடுத்துடலாம். இப்படி எடுத்து, இன்னைக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருக்கிறவங்க என்கிட்ட இருக்காங்க."

"அவரும்... போவாரா?"

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நம்பிக்கை இல்லாம நான் நாலு மாசக் கணக்கு போட மாட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு சீரானதும், பழைய பிடிவாதம் எட்டிப் பார்த்தது.

"சரி டாக்டர், புரோகிராம் கெட்டிக்காரத்தனமாக் கண்டுபிடிச்சிடுச்சு. அதுல அவரோட பங்கு என்ன இருக்கு?"

"கண்ணுக்குத் தப்புறதை அதுக்குக் கத்துக்கொடுக்கணும்னா, கண்ணுக்குத் தப்பின படங்கள்தானே வேணும்? அந்த முப்பத்தோரு படத்தை யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேன்டீன்ல சொன்னாங்களா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அவரேதான். ஆறு வருஷத்து ஆபரேஷன் குறிப்பையும் தன்னோட பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணொண்ணாப் பார்த்தார். தான் விட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்து, 'இது நான் விட்டது'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த ஆஸ்பத்திரியில அந்தப் புரோகிராம் படிச்ச பாடமே அதுதான்."

பாதி திறந்திருந்த கதவு வழியாக, கணவர் ஏதோ சொல்ல நாத்தனார் சிரிப்பை அடக்குவது கேட்டது.

டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேற டாக்டர் கேட்டீங்களே. இங்கே படம் பார்க்கிறவங்க இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. யாருக்கும் பட்டப்பேர் கிடையாது. விட்டுப்போன படம் இருந்தா கொடுங்கன்னு அவங்ககிட்டேயும்தான் கேட்டோம். எட்டுப் பேருமே, 'என்கிட்ட அப்படி ஒண்ணுகூட இல்லை'ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இதுல யாரைப் போடட்டும்?"